யாரும் அழுத்தாத பொத்தான்

எங்கள் பந்துருட்டும் கிளப்பின் புல்தரையில் காலைப் பனி இன்னும் காயவில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சின்னப் பொத்தான் தொங்குகிறது. பறக்கும் டாக்ஸியின் சத்தம் தொந்தரவாக இருந்தால் அதை அழுத்த வேண்டும். பக்கத்துத் திடலில் அது தினமும் வந்திறங்கலாமா என்பதை இந்த ஆய்வை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பிரோனி, வேலியோரம் கேமராவை வானத்துக்கு நேரே நிறுத்தியிருக்கிறாள். டாக்ஸி பலமுறை வந்து போய்விட்டது, யாரும் அழுத்தவில்லை. "டெஸ்மண்ட், நிஜமாவே தொந்தரவா இல்லையா?" என்று கேட்கிறாள். "இதெல்லாம் ஒரு சத்தமாம்மா? என் மச்சான் குறட்டைய நீ கேட்டதில்ல." எல்லோரும் சிரிக்கிறோம். இந்த ஊரில் புலம்பல் பேர்வழி என்று பேர் வாங்குவதைவிடக் காது செவிடாவதே மேல். "மறுபடியும் வரச் சொல்றேன்," என்கிறாள் பிரோனி, உதட்டைக் கடித்துக்கொண்டு. யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே அது வருகிறது, தகர டப்பாவில் வண்டுகளை அடைத்துவைத்தாற்போல இரைந்துகொண்டு. உருட்டக் குனிந்த டெஸ்மண்டின் கையில் பந்து அப்படியே நிற்கிறது. தேநீர் ஊற்றவந்த ஜாய்ஸ் கெட்டிலைச் சாய்க்காமல் பிடித்திருக்கிறாள். நான் சொல்லவந்ததை வாயிலேயே வைத்திருக்கிறேன். சத்தம் மோர்ட்டன் விரிகுடாப் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகே பந்து உருள்கிறது, தேநீர் கோப்பையில் விழுகிறது. "எதுக்குக் காத்திருந்தீங்க?" என்று கேட்கிறாள் பிரோனி. "யாரு, நானா?" என்கிறார் டெஸ்மண்ட், உண்மையாகவே புரியாமல். பிரோனி வானத்தைப் பார்த்திருந்த கேமராவைத் திருப்பி, எங்கள் கைகளுக்கு நேரே வைக்கிறாள். "இன்னொரு தடவை வரச் சொல்றேன்."