தீவில் ஏழு பேர்

"ஏழு பேரும் உசிரோட இருக்கணும். ஒருத்தர் செத்தாலும் முடிஞ்சுது" என்றாள் மாளவிகா.

"என்ன முடிஞ்சுது?" என்றான் ஜெயராம்.

"எல்லாமே" என்று சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு பரீட்சை இருக்கும் என்று ஜெயராமுக்கு யாரும் சொல்லவில்லை. அடையாறிலிருந்து அம்மா பங்கஜத்துடன் மயிலாப்பூர் வந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அப்பாவும் பெண்ணும் மட்டுமே இருக்கும் வீடு. "ரெண்டு பேரும் தனியா ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்று பெண்ணின் அப்பா சங்கரன் சொன்னதை நம்பி உள்ளே வந்தால், திரையில் ஒரு தீவு. நாலைந்து தென்னை மரங்கள், கூரையில்லாத ஒரு குடிசை, கட்டைவிரல் உயரத்தில் ஏழு மனிதர்கள்.

"கப்பல் கவுந்து கரையேறினவா" என்றாள் மாளவிகா. "மவுஸால ஆளைத் தூக்கி எங்க வெக்கறேளோ, அந்த வேலையைச் செய்வா. தலைக்கு மேல கோடு பச்சையா இருந்தா சௌக்கியம். சிவப்பானா ஆபத்து. நான் போய்க் காபி கலந்துண்டு வந்துடறேன். அதுவரைக்கும் பார்த்துக்கோங்கோ."

போய்விட்டாள்.

குடும்பம் நடத்தத் தெரிந்தவனா என்று சோதிக்கிறாள்! ஜெயராம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். இந்த இடம் அமைந்தே ஆக வேண்டும். மாளவிகாவின் போட்டோ வந்த நாளிலிருந்து அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைகிறான்.

ஒரே கவலை, அம்மா. அம்மாவுக்குப் பொய் வராது. அதோடு, கேட்காத உண்மையும் தானாக வரும். திருவல்லிக்கேணியில் பார்த்த இடத்தில், "இவன் விடற குறட்டையில மாடி போர்ஷன்காரா காலி பண்ணிண்டு போயிட்டா" என்றாள். நங்கநல்லூரில், பையன் டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தேறாததைச் சொன்னாள். இப்படியே நான்கு இடம் தட்டிப்போயிற்று.

ஆகவே இன்றைக்கு அம்மாவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடுவதில்லை என்ற தீர்மானத்தோடு வந்திருந்தான். "பிள்ளைக்கு என்ன பிடிக்கும் மாமி?" என்று சங்கரன் கேட்டபோதும், "எது போட்டாலும் சாப்பிடுவேன் சார்" என்று இவனே முந்திக்கொண்டான். அவர் அம்மாவிடம் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொன்னவன் ஜெயராம்தான்.

நல்ல வேளை, இப்போது கூடத்து டி.வி.யில் கிரிக்கெட். சங்கரன் அம்மாவை ஒன்றும் கேட்கப் போவதில்லை.

தீவில் அதற்குள் ஒரு கிழவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒருத்தியைத் தூக்கிக் காட்டில் பச்சிலை பறிக்க விட்டான். தாடிக்காரனைப் பாறைமேல் மீன் பிடிக்க உட்கார வைத்தான். குழந்தை ஒன்று கடலைப் பார்த்து நடந்தது. தூக்கி மரத்தடியில் வைத்தான். மறுபடியும் கடலைப் பார்த்து நடந்தது.

"டேய், நில்லுடா! உங்காத்துல உன்னைப் பார்த்துக்க ஒருத்தருமே இல்லையா?"

அப்போதுதான் சமையலறைப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. தொடர்ந்து ஒரு பலத்த சிரிப்பு.

ஜெயராம் பாதி எழுந்தான். திரையில் மேகம் கறுத்தது. குடிசைக்கு இன்னும் கூரை இல்லை. கிழவர் தலைக்கு மேல் கோடு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. எழுந்தால் தீவு போய்விடும். உட்கார்ந்தால் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

உட்கார்ந்தான்.

மீதி மூன்று பேரைக் கூரை போட விரட்டினான். பச்சிலைக்காரியைக் கிழவரிடம் ஓட வைத்தான். குழந்தையைத் தாடிக்காரன் பக்கத்தில் வைத்ததும் அது சமர்த்தாக மீன் எண்ண ஆரம்பித்தது. மழை கொட்டியது. நின்றது. ஏழு கோடுகளும் பச்சை.

மணியைப் பார்த்தான். இருபத்தைந்து நிமிஷம்! காபி வரவேயில்லை.

"ஏழு பேரும் பிழைச்சுட்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

சமையலறையில் பங்கஜம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே மாளவிகா. நடுவில் இரண்டு காலி டம்ளர்கள்.

"வாடா! பல்லியைப் பார்த்துட்டு நீ பாத்ரூம்லேர்ந்து சோப்பு நுரையோட ஓடி வந்தியே, அதைத்தான் சொல்லிண்டிருந்தேன்."

ஜெயராம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாவது இடமும் போயிற்று.

"குறட்டை, டிரைவிங் டெஸ்ட், பல்லி" என்று மாளவிகா விரல் விட்டு எண்ணினாள். "வேற ஏதாவது விட்டுப்போச்சா மாமி?"

"கோபம் வந்தா சாப்பிட மாட்டான். பத்து நிமிஷம் கழிச்சு அவனே வந்து தட்டை எடுத்துப்பான். அவ்வளவுதான்."

மாளவிகா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, எனக்குச் சம்மதம்!"

ஜெயராமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ... நான் தீவைக் காப்பாத்தினதுல பாஸா?"

"முன்னாடி வந்த மூணு பிள்ளைகளுக்கும் ஒரு குறைகூட இல்லைன்னு அவாத்துல அடிச்சுச் சொன்னா. எனக்குப் பயமா போயிடுத்து. இன்னிக்கு உங்கம்மா ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் நீங்க குறுக்கே விழுந்தேள். இவா நிஜம் பேசறவான்னு அப்பவே புரிஞ்சுது. இவா பேசி முடிக்கற வரைக்கும் உங்களை எங்கேயாவது உக்கார வெக்கணுமே!"

"அப்போ அந்த ஏழு பேர்?"

"அது புதுசா கத்துக்கறவாளுக்கான முதல் லெவல்" என்றாள் மாளவிகா. "நீங்க குறட்டை விட்டுத் தூங்கியிருந்தாக்கூட அதுல ஒருத்தரும் செத்திருக்க மாட்டா."