பீரோக் கதவு

“ரிட்டயர் ஆனா பேசாம வீட்ல உட்காரணும். இந்த வயசுல கிட்டாரா?” கடை என்றும் பாராமல் மனைவி உரக்கக் கேட்டாள்.

போன வாரம் ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் அதைக் காதில் வாங்கவில்லை. கடைக்காரர் இரண்டு கிளாசிக்கல் கிட்டார்களை எடுத்து வைத்தார். “நைலான் கம்பி சார். புதுசா கத்துக்கறவங்களுக்கு விரல் வலிக்காது.”

“வாங்கியே தீரணும்னா அந்தக் கறுப்பை எடுங்க. பார்க்கவாவது லட்சணமா இருக்கு,” என்றாள் மனைவி. “இந்த மரக் கலர் பழைய பீரோக் கதவு மாதிரி இருக்கு. நீங்க வாசிச்சா பீரோ திறக்கற சத்தம்தான் வரும்.”

“இந்த மரக் கலரையே பேக் பண்ணுங்க,” என்றார் அவர்.

“ரசனைன்னா கிலோ என்ன விலைன்னு கேக்கற மனுஷன்.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரை எடுத்து வர அவர் வெளியே போனதும் கடைக்காரர் சிரித்தார். “நேத்து நீங்க தனியா வந்து, எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இதைத்தானே எடுத்து வெக்கச் சொன்னீங்க? அதையே வாங்கிட்டாரேம்மா.”

“நான் வேண்டாம்னு சொன்னாத்தான் அவருக்கு வேணும். கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். ஒரு வாரமா என் சமையலறையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டறார். இனிமே கம்பியோட மல்லுக்கட்டட்டும்.”

அவர் திரும்பி வந்தார்.

“மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கற வேலையெல்லாம் வேண்டாம், சொல்லிட்டேன்,” என்றாள் கறாராக.

“அங்கதான் வாசிப்பேன். தினமும்,” என்று பெட்டியை அணைத்துக்கொண்டார் அவர்.