எட்வின் நீட்டிய கை

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸுக்கு எட்வின்தான் காவல். யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடுவது அவன் வேலை. அவனுக்கு மட்டும் எந்தப் பூட்டும் இல்லை. போன வாரம் ஏதோ பழுது பார்க்கும்போது எதிர்வீட்டுச் செண்பகம் அக்காவின் பெயர் கண்ணில் பட, அவர் ரிப்போர்ட்டைச் சும்மாதான் திறந்து படித்தான்.

இன்று அந்த அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் பாயசம் வந்ததும் பக்கத்து இலைக்கு மேல் அவன் கை தானாக நீண்டது. “அக்காவுக்கு ஊத்தாதீங்க, சுகர் முந்நூறு இருக்கு.”

எதிரே சம்பந்தி வீட்டார் நிமிர்ந்தார்கள். “உனக்கா? எப்போலேருந்து?” என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார் அக்காவின் கணவர்.

அக்கா அவன் கையை மெதுவாக விலக்கினார். “தம்பி யாரையோ நினைச்சுச் சொல்லுது. நீங்க ஊத்துங்க.”

அவனைப் பார்த்துக்கொண்டே இலையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, இன்னொரு கரண்டி கேட்டார்.