கடைசி ஜோடி

பொற்கொடியின் வயிற்றில் மூன்றாம் மாதமே கலைந்துபோன பிள்ளைக்கு இருந்த ஒரே படம் டாக்டரின் மேஜைமேல் கிடந்தது. நூல் துணுக்குகளைப் போலக் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்றன. ஓரிடத்தில் மட்டும் மூன்று.

"கருமுட்டை உருவாகுறப்ப பிரிய வேண்டிய ரெண்டு, பிரியாம ஒண்ணாவே போயிருச்சும்மா. உங்க தப்பு எதுவுமில்ல," என்றார் டாக்டர்.

பொற்கொடி அந்த மூன்றையும் விரலால் மெல்லத் தடவினாள். கடைசி ஜோடி இருக்க வேண்டிய மூலையில் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"இது என்ன டாக்டர்?"

"ஆணா பொண்ணான்னு அதுலதான் தெரியும். சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"இனிமே அதை யாரு கொல்லப் போறாங்க?"

டாக்டர் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கணவன் நடேசன் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தான். பேருந்து நிறுத்தத்தில் அவள் படத்தை வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த தாள் தடிமனானது. ஒன்றும் தெரியவில்லை. அவன் அதை வாங்கி, மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"பேரு வெக்கணும்ங்க," என்றாள்.

இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு அவன் சொன்னான்.

"மதின்னு வெச்சுக்கலாம். ரெண்டுக்கும் ஆகும்."