வாலறுந்த மைக்

"வாயில என்னடி, கொழுக்கட்டையா வச்சிருக்க?" வருகைப்பதிவின்போது டீச்சர் கேட்டார், வகுப்பே சிரித்தது. 'உள்ளேன்' என்ற ஒரு சொல் வாயில் வராமல்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா விட்டுப்போன, ஊர் விட்டு ஊர் பேசும் அமெச்சூர் ரேடியோவை விற்பதற்காக எடுத்துப்போக இன்று அண்ணன் சாக்குப்பையோடு வந்தான். "வாயே திறக்காதவளுக்கு எதுக்குடி பேசுற பெட்டி? மைக்கப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசு, இங்கயே விட்டுட்டுப் போறேன்." சொல்லிக்கொண்டே மைக்கை எடுத்தான். அது வயர் இல்லாமல் கையோடு வந்தது. ரேடியோவில் செருகும் அந்த உருண்டைப் பிளக் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. அதனால் மைக்கின் வயரைப் பிளக்கோடு வெட்டி, கம்ப்யூட்டரின் ஒலி வெளிவரும் வயரோடு நானே பற்றவைத்திருந்தேன். "அப்பாவோட மைக்கையா வெட்டுன?" அவனை நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன். உரிமத் தேர்வெழுதி வாங்கிய, ரேடியோவில் என் பெயராக நிற்கும் அழைப்புக்குறியைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். எழுத்துகள் சீழ்க்கையாகி ரேடியோவுக்குள் போயின. "இது யாருக்குடி கேக்கும்?" என்று அண்ணன் கம்ப்யூட்டரின் சத்தத்தை முழுதாக ஏற்றினான். சத்தம் ஏறினால் எழுத்து சிதைந்துவிடும். அவன் கையைத் தள்ளிவிட்டுக் குறைத்தேன், மறுபடி அனுப்பினேன். ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. பிறகு இரைச்சலுக்குள் ஒரு சீழ்க்கை எழ, கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வோர் எழுத்தாக என் அழைப்புக்குறி திரும்பி வந்தது. அதன் பின்னால், யாரோ, எந்த ஊரோ: தெளிவாகக் கேட்கிறது, சொல்லுங்கள். நான் தட்டத் தொடங்கினேன். சாக்குப்பையைத் தரையிலேயே விட்டுவிட்டு, வாலறுந்த மைக்கைப் பிடித்தபடி அண்ணன் வெளியே போனான்.