வசனம் எடுத்துக் கொடுப்பவள்

"மாத்திரை வேண்டாம். என்னைத் தூங்க விடுங்க" என்று காமிராவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள் மகள்.

"மாத்திரை வேண்டாம்... என்னைத் தூங்க விடுங்க" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

அவள் வாயில் வெறும் வார்த்தையாக இருந்தது அவர் வாய்க்குப் போனதும், விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள்கூட மூக்கை உறிஞ்சினார்.

டேக் ஓகே. அடுத்த ஷாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

டிவி தொடர்களில் இது வழக்கம்தான். ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல நடிகர் அதை வாங்கிச் சொல்வார். எடுத்துக் கொடுக்கிற குரலை அப்புறம் வெட்டிவிடுவார்கள்.

அந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் பெரியவரின் பிழைப்பு போன வருஷமே முடிந்திருக்கும். அவருக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. மனைவி செத்தது நினைவில்லை. மகன்காரன் "இனிமே உன் பாடு" என்று தன் தங்கையான இவள் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டுப் போனதும் நினைவில்லை. யூனிட்டில் யாருக்கும் இது தெரியாது. வயசானவர், துணைக்கு மகள் வருகிறாள், அவ்வளவுதான்.

அவள் மகள் என்பது அவருக்கே தெரியாது. யாரோ உதவி டைரக்டர் என்று நினைப்பு. "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

ரேடியோ நாடகத்தில் மட்டும் முப்பது வருஷம். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள்களை அந்த மைக் முன்னால் நின்று ஓர் ஐம்பது பேரையாவது மன்னித்திருப்பார். கேட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார்கள். பெற்ற மகள் அதே காரியத்தைச் செய்தபோது கதவைச் சாத்தினவர், பதினோரு வருஷம் திறக்கவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடவில்லை. பாவி மனுஷன்.

என்றைக்காவது கூப்பிட்டு நாலு திட்டாவது திட்டுவார் என்று காத்திருந்தாள் அவள். இப்போது திட்டுவதற்கும் ஆளில்லை.

மேக்கப் அறையில் இரண்டு பேர் மட்டும். அவர் கழுத்தில் வழிந்த வேர்வையை ஒற்றி எடுத்தாள். பிறகு, தப்பு என்று தெரிந்தேதான், எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சீன் பேப்பரைப் பார்ப்பதுபோலக் குனிந்தாள்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா" என்றாள். குரல் பிசிறியது. "நீ என் பொண்ணு. வீட்டுக்கு வா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீ என் பொண்ணு... வீட்டுக்கு வா."

ஐயோ, அந்தக் குரல்! 'பொண்ணு' என்றதும் நடுவில் ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அது அவள் எடுத்துக் கொடுக்காத மூச்சு. பதினோரு வருஷ அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"வசனம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இந்த அப்பனை எனக்குத் தெரியும். அவன் இப்படிச் சொல்ற ஆளு கிடையாது. யாரு எழுதினது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார்" என்றாள்.