ஒரு முழு நிமிடம்

பதினெட்டு என்று எழுதினாள் டெஸ்ஸா. நேரம் நான்கு மணி. பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள்.

படுக்கையில் இருந்த பெரியவர் நோவாக்கை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் கருவி காட்டிவிடும். மூச்சை மட்டும் ஆள்தான் எண்ண வேண்டும்; நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம். டொலிடோ நகரின் அந்த முதியோர் இல்லத்தில் யாரும் எண்ணுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட வேலை பார்க்கும் யொலாண்டா சொல்லிக்கொடுத்தாள்: "பதினெட்டுன்னு போடு தாயே. பதினெட்டு இதுவரைக்கும் யாரையும் கொன்னதில்ல."

அந்தத் தளத்தில் பதினான்கு பேர். மிச்சமாகும் பதினான்கு நிமிடத்தில், தேர்வுக்காக எழுதிவைத்த கேள்வி அட்டைகளில் முப்பது படித்துவிடலாம்.

நாளைக் காலை கரிம வேதியியல் தேர்வு. போன தேர்வில் 'சி'. இன்னொரு 'சி' வந்தால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதே வீண் என்று கல்லூரி ஆலோசகர் சொல்லிவிட்டார். வேலையையும் விட முடியாது. வாடகை இருக்கிறது. தவிர, நோயாளிகளோடு பழகியவள் என்று யாராவது கடிதம் எழுதித் தர வேண்டும். தலைமை நர்ஸ் லொரேன் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

நோவாக் நாற்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். தினமும் அட்டையை வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, "எங்க டாக்டரம்மா, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். அவள் திணறினால், "இந்த லட்சணத்துல எனக்கு ஊசி வேற போடப் போறியா?"

இன்று அட்டையை வாங்கவில்லை. கையை நெஞ்சின் மேல் வைத்துச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளே வாய்விட்டுப் படித்தாள். இந்தச் சேர்மத்துக்கு எத்தனை வடிவங்கள் சாத்தியம்?

"முப்பத்திரண்டு," என்றார் நோவாக்.

"தப்பு. எட்டு." சிரித்தபடி அடுத்த அட்டைக்குப் போனாள்.

அவர் மறுபடியும் அதையே சொன்னார். பேருந்தில் தலை எண்ணிய பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில்கூட எண்ணுவார்.

ஐந்தேகாலுக்கு அந்த அறைக்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் நின்றார்கள். உணவுத் தட்டோடு போன யொலாண்டாதான் அவருடைய உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள்.

வந்தவர்களில் மூத்தவர் நோவாக்கின் நெஞ்சைப் பார்த்தபடி கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினார். டெஸ்ஸாவும் உள்ளுக்குள் எண்ணினாள். இந்த வேலையில் அவள் எண்ணியது அதுவே முதல் தடவை.

நாற்பது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்காரு? அது தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரில என்ன பண்றதுன்னு முடிவெடுப்பாங்க," என்றார் மூத்தவர்.

லொரேன் பதிவேட்டைப் புரட்டினாள். "நாலு மணிக்குப் பதினெட்டு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காரு. டெஸ்ஸா எழுதினது. இந்தப் பொண்ணு எழுதினா சரியா இருக்கும். நேத்து கடிதத்துலயும் அதைத்தான் எழுதினேன்."

மூத்தவர் டெஸ்ஸாவின் பக்கம் திரும்பினார். "பதினெட்டு. நிச்சயமா?"

அவள் தலையசைத்தாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

தள்ளுபடுக்கை வாசலைக் கடக்கும்போது நோவாக் கண் திறந்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மூன்று விரல்கள். பிறகு இரண்டு.

"பாரேன், இந்த நிலைமையிலயும் உனக்கு டாட்டா காட்டுறாரு," என்றாள் லொரேன்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்ஸாவும் கையசைத்தாள்.